பற்றை மூடிய பின்வளவும் பதுங்கியிருக்கும் பூக்களும்

புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபுகும் எம்மவர்கள் முதலிற் பார்ப்பது அறைகள் எத்தனை, பேருந்துத் தரிப்பு எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்குப் பாடசாலை அருகில் உண்டா என்பவற்றையே. பின்கதவைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் கடைசியிற்றான். அப்படித் திறந்து பார்த்தவர்களிற் பலர், கண்ட காட்சியில் மலைத்துப்போய் உடனேயே கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆளுயரப் புல், அதற்கு மேலே முட்கொடி, வேலி எது, செடி எது என்று தெரியாதபடி படர்ந்த பச்சை. இலண்டனின் ஹரோ, வெம்பிளி, இல்போர்ட், ஈஸ்ற்ஹாம், ரூற்றிங் முதலிய இடங்களில் எம்மவர் வாழும் வீடுகள் பலவற்றின் பின்புறம் இன்று இந்த நிலையிலேயே இருக்கிறது.

இவ்வீடுகளிற் கணிசமானவை இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட 1920களிலும் 1930களிலும் கட்டப்பட்டவை. வீட்டோடு ஒடுங்கிய நீண்ட நிலத்துண்டு ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். அதில் ரோசாவும் ஹைட்ரேஞ்சியாவும் நட்டுப் பேணிய முதியவர் மறைந்துபோக, அல்லது பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட, வீடு வாடகைக்கு விடப்படுகிறது. ஆண்டுதோறும் மாறும் குடியிருப்பாளர் எவரும் நிலத்தைத் தொடுவதில்லை. ஐந்து ஆண்டுகள் போதும். பூந்தோட்டம் பற்றைக் காடாகிவிடும். ஆனால் காடானது மேற்பரப்பு மாத்திரமே. அடியிற் பழைய தோட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதை மீட்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருக்கிறோம்.

கொங்கிறீற்று ஒரு தீர்வா?

"எல்லாவற்றையும் வழித்தெடுத்துக் கல்லுப் பதித்துவிட்டால் கரைச்சல் முடிந்தது" என்பது எம்மிடையே அடிக்கடி கேட்கும் ஆலோசனை. இரண்டு வேலை செய்து களைத்து வருபவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. எனினும் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இலண்டனின் பெரும்பகுதி களிமண் நிலம். மழைநீர் அதில் மெதுவாகவே இறங்கும். அந்த நிலத்தையும் மூடிவிட்டால் நீர் வீட்டுச் சுவரை நோக்கியோ, அயலவர் வளவுக்குள்ளோ, ஏற்கெனவே நிரம்பி வழியும் வடிகாலுக்கோதான் ஓடும். இக்காரணம் பற்றியே, வீட்டு முற்றத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் புகாத தளம் இடுவதற்கு 2008 முதல் இங்கிலாந்தில் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. நீர் நிலத்துக்குள் இறங்கவோ வளவுக்குள்ளேயே வடியவோ வழி செய்தாலன்றி. பின்வளவுக்கு இவ்விதி பொருந்தாவிடினும் நீரின் குணம் ஒன்றே.

மற்றொன்றும் உண்டு. பகல் முழுவதும் நான்கு சுவருக்குள் தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு, மொழி தெரியாத இந்நாட்டில், அச்சமின்றி இறங்கி நிற்கக்கூடிய வெளி இந்தப் பின்வளவு ஒன்றுதான். வேலிக்கு அப்பால் நிற்கும் வெள்ளைக்கார மூதாட்டியோடு பேச ஆங்கிலம் போதாதபோதும் ஒரு ரோசாச் செடியைக் காட்டிப் பேசலாம். கல்லுப் பதித்தால் இந்த வாய்ப்பும் சேர்ந்தே புதைந்துபோகும்.

கத்தி எடுக்குமுன் கடதாசியைப் பாருங்கள்

வாடகைக்கு இருப்போர் முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். தோட்டத்தைச் சீராக வைத்திருப்பது குடியிருப்பாளரின் பொறுப்பு என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். ஆனால் பற்றையாகக் கையளிக்கப்பட்ட நிலத்தைப் பூங்காவாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆகவே குடிபுகுந்த நாளிலேயே திகதி தெரியப் படங்கள் எடுத்து, வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கான வைப்புப் பணம் அரச அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் இடப்படல் வேண்டும். "தோட்டத்தைப் பாழாக்கிவிட்டீர்கள்" என்று அப்பணம் பிடித்து வைக்கப்படுமாயின், அத்திட்டத்தின் இணக்க ஏற்பாட்டின் மூலம் கட்டணமின்றி முறையிடலாம். அவ்வேளையில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் படங்களே.

சொந்த வீட்டுக்காரரும் பராமுகமாக இருக்க முடியாது. அயலின் தோற்றத்தைக் கெடுக்கும் நிலத்தைத் துப்புரவாக்குமாறு உரிமையாளருக்கும் குடியிருப்பாளருக்கும் அறிவித்தல் கொடுக்க, 1990ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் சட்டத்தின் 215ஆம் பிரிவு உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரமளிக்கிறது. அத்தகைய கடிதம் வந்தால் மேசையில் போட்டுவிடாது, உடனே பதில் எழுதிக் கால அவகாசம் கேளுங்கள்.

பெரிய மரங்களை வெட்டுமுன் அவை பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவையா என மன்றத்தில் விசாரிக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் ஓகஸ்ற் வரை. உபயோகத்திலுள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே பற்றை வெட்டும் பெருவேலையைச் செப்ரெம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வைத்துக்கொள்வதே உத்தமம். இலைக் குவியல்களுக்குள் முள்ளெலி குளிர்காலத் துயிலில் இருக்கக்கூடும். கிளறிப் பார்த்த பின்னரே இயந்திரத்தை ஓட்டுங்கள்.

வேலி விடயத்தில் எம்மவருக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகப் பரம்பரை பரம்பரையாக வழக்காடிய ஊர் எங்களுடையது! இங்கும் அயலவரின் கொப்பு உங்கள் பக்கம் நீண்டிருந்தால் எல்லை வரை வெட்டலாம். ஆனால் வெட்டிய கொப்பு அவருக்கே உரியது. "வேண்டுமா?" என்று கேளுங்கள், கேட்காமல் அப்பால் எறிந்துவிடாதீர்கள். வெட்டுமுன் ஒரு சொல் சொல்லிவிட்டால் வழக்குக்கு இடமேயில்லை.

தஞ்சக் கோரிக்கை முடிவாகாத சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கும் வீட்டின் பின்வளவைத் துப்புரவு செய்வதில் தவறில்லை. வீட்டை வழங்கிய நிறுவனத்திடம் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அயலவர் தோட்டத்தைப் பணத்துக்குத் துப்புரவாக்குவதும் வேலைதான். அனுமதியின்றிச் செய்த வேலை, சிறிதாயினும், உங்கள் கோரிக்கைக்குத் தீங்காகலாம்.

உடனே எல்லாவற்றையும் கிண்டாதீர்கள்

பழைய தோட்டத்தை மீட்போர் பின்பற்ற வேண்டிய முதல் விதி பொறுமை. குளிர்காலத்தில் வெறும் மண்ணாகத் தெரியும் இடத்தில் டபோடிலும் ரியூலிப்பும் கிழங்காக உறங்கிக்கொண்டிருக்கும். பியோனிச் செடி இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, வசந்தத்திற் சிவந்த முளையாகத் தலைகாட்டும். ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய அச்செடியைக் குளிர்காலத்தில் மண்வெட்டியாற் கொத்தியெறிந்தால், எதை எறிந்தோம் என்பதே தெரியாமற் போய்விடும்.

ஆகவே முதலாவது ஆண்டைப் பார்ப்பதற்கென ஒதுக்குங்கள். சதுரக் கோட்டுக் கொப்பியொன்றில் வளவின் வரைபடத்தைக் கீறி, எந்த மாதத்தில் எந்த இடத்தில் என்ன பூத்தது என்று குறியுங்கள். பிள்ளைகளிடம் இவ்வேலையைக் கொடுத்தால் அவர்கள் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். பூத்த இடத்தில் ஒரு தடியை நட்டுவைத்தால் இலை மறைந்த பின்பும் கிழங்கு இருக்குமிடம் தெரியும். டபோடில் பூத்து முடிந்ததும் இலையை வெட்டவோ முடிச்சுப் போடவோ கூடாது. குறைந்தது 6 வாரங்கள் விடுங்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்புகிறது.

அந்த ஆண்டிற் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. கதவிலிருந்து வளவின் கோடி வரை ஒரு நடைபாதையைத் திறந்துவிடுங்கள். வன்னியிலிருந்து வந்த சிலருக்குப் பற்றைக்குட் கால் வைப்பதென்றாலே உடல் நடுங்கும். மிதிவெடி இருக்கும் நிலத்தில் நடந்து பழகிய கால்கள் அவை. இது இலண்டன் என்று அறிவு சொன்னாலும் கால் கேட்பதில்லை. அத்தகையோரை நகையாடாது, அடி வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி நான்கு கல்லைப் போட்டுக் கொடுங்கள். பாதை தெரிந்தால் மற்ற வேலைக்கு அவர்களே இறங்கி வருவார்கள்.

களைகளும் அவற்றின் குணங்களும்

பற்றையிற் பெரும்பகுதி பிறம்பிள் எனப்படும் முட்கொடியாகவே இருக்கும். எங்கள் சூரைமுள்ளுக்குத் தம்பி என்று சொல்லலாம். வளைந்து நிலத்தைத் தொடும் நுனியில் வேர் விட்டு அங்கிருந்து மறுபடி கிளம்பும். இதனை முதலில் நிலத்திலிருந்து ஓரடி உயரத்துக்கு வெட்டி, எஞ்சிய தண்டைப் பிடிமானமாகக்கொண்டு அடிக்கட்டையைத் தோண்டியெடுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டால் மாத்திரம் அடுத்த ஆனியில் இரட்டிப்பாக நிற்கும். தடித்த கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அவசியம். முள்ளுக் குத்தும் மண்ணும் சேர்ந்தால் ஏற்புவலி வரலாம்; தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் புனல் போன்ற பூவோடு செடிகளைச் சுற்றி நெரிக்கும் கொடிக்குப் பைன்ட்வீட் என்று பெயர். வத்தாளங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவைப் பார்த்தாலே உறவு தெரியும். கோரைப்புல்லோடு மல்லுக்கட்டிய எம் தோட்டக்காரருக்கு இதன் தந்திரம் புதிதன்று. இழுத்தால் மேலே உள்ளது கையோடு வரும். கீழே எஞ்சிய வெள்ளை வேர்த்துண்டு ஒவ்வொன்றும் புதுக்கொடியாகும். மண்வெட்டி இதற்கு உதவாது, வேரைத் துண்டாக்கிப் பெருக்கிவிடும். கார்டின் போர்க் எனும் முள்ளுக் கருவியால் மண்ணைக் கிளப்பி, வேரை முழுதாக உருவியெடுங்கள். எடுத்ததை எருக்குழியில் இடாதீர்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாதது யப்பானிய நொற்வீட். மூங்கில் போன்று கணுக்களும் சிவந்த புள்ளிகளும் கொண்ட தண்டு, இதய வடிவ இலை, கோடை கடைசியிற் சிறு வெள்ளைப் பூங்கொத்து என்பன இதன் அடையாளங்கள். அழகுச் செடியாக 19ஆம் நூற்றாண்டிற் கொண்டுவரப்பட்டது. 1850இலேயே கியூ தாவரவியற் பூங்காவை வந்தடைந்தது. நகத்தளவு வேர்த்துண்டும் முளைக்கும். இதை வெட்டிப் பொதுக் குப்பையிலோ வெளி நிலத்திலோ போடுவது சட்டச் சிக்கலைத் தேடுவதாகும். வீடு வாங்குவோர் கடன் பெறுவதற்கும் இது தடையாக வரக்கூடும். வாடகை வீடாயின், கண்டவுடன் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். நீங்களாகக் கிண்ட வேண்டாம்.

வெட்டிய குப்பையை என்செய்வது என்பது அடுத்த கேள்வி. மன்றத்தின் தோட்டக்கழிவுத் தொட்டியோ மீள்சுழற்சி நிலையமோதான் நேரான வழி. மலிவாகக் கிடைத்த வாகனக்காரரிடம் கொடுத்து அவர் தெருவோரத்திற் கொட்டிவிட்டால், விசாரணை உங்கள் கதவைத்தான் தட்டும். உரிமம் உண்டா என்று முதலிற் கேளுங்கள்.

எதை, எப்போது வெட்டுவது?

களை நீங்கியதும் கொம்பும் குச்சியுமாக நிற்கும் பழைய பூஞ்செடிகள் வெளிப்படும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே உயரத்துக்குக் கத்தரிப்பது அவற்றை ஊமையாக்குவதாகும். பொது விதி இதுதான்: வசந்தத்திற் பூப்பவை பழைய கொப்பில் பூக்கின்றன, ஆகவே பூத்து முடிந்த பின் வெட்டுங்கள். லைலாக், போர்சித்தியா இவ்வகை. கோடை கடைசியிற் பூப்பவை பெரும்பாலும் அந்த ஆண்டுக் கொப்பில் பூக்கின்றன. அவற்றை மார்ச் அளவில் ஒட்ட வெட்டலாம். பட்லியா இவ்வகை.

புதர் ரோசாவைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெட்டுங்கள். முதலில் காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது ஆகிய மூன்றையும் நீக்கி, பின்பு வெளிநோக்கிய அரும்புக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஒட்டுக்குக் கீழே அடிவேரிலிருந்து வேறு நிற இலையோடு கிளம்பும் தளிரை வெட்டாது பிடுங்கி எடுங்கள். விட்டால் காட்டு ரோசா மிஞ்சி வீட்டு ரோசா மாயும். ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்தைக் குளிர்காலம் முழுவதும் விட்டுவைத்து, வசந்தத்தில் அதற்குக் கீழேயுள்ள வலிய அரும்புச் சோடி வரை மாத்திரம் வெட்டுங்கள். லவெண்டரைப் பச்சை உள்ள வரையில்தான் வெட்டலாம். கபில நிறக் கட்டைக்குள் வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. மிகவும் மூப்படைந்த பெரும் புதர்களுக்கு மூன்றாண்டுத் திட்டம் நல்லது: ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு முதிர்ந்த கொப்பை அடியோடு எடுத்துவிட, மூன்றாம் ஆண்டில் புதர் முழுவதும் இளமையாகும்.

மண்ணையும் புரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் ஊற்றிய நீர் உடனே இறங்கிவிடும். இங்குள்ள களிமண்ணோ ஈரத்திற் சேறு, கோடையிற் செங்கல். சப்பாத்தில் ஒட்டும் ஈரத்தில் அதைக் கொத்தாதீர்கள், மிதிக்கவும் செய்யாதீர்கள். இலையெருவை ஆண்டுதோறும் மேலே பரப்பிவிட்டால் மண்புழுக்களே உள்ளே இழுத்துச்செல்லும்.

அழகில் நஞ்சுண்டு

கார்த்திகைப்பூவின் கிழங்கும் அலரியின் காயும் நஞ்சென்று ஊரிற் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவு இங்குள்ள செடிகள் பற்றி எமக்கு இல்லை. மணிமணியாகப் பூக்கும் பொக்ஸ்குளோவ் முழுச்செடியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. லபேர்ணத்தின் அவரை போன்ற காய், மங்ஸ்ஹுட்டின் வேர், யூ மரத்தின் விதை யாவும் நஞ்சே. டபோடிற் கிழங்கோ பார்வைக்கு வெங்காயம். உணவென்று தவறாகக் கொள்ளப்படுவதைத் தவிர்க்க, டபோடிலை மரக்கறிகளுக்கு அருகில் வைக்க வேண்டாமென 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பேரங்காடிகளைக் கேட்டுக்கொண்டது. வளவிற் கண்ட கீரையை ஆய்ந்து வறை வறுக்கும் பழக்கமுள்ள எம் தாய்மார், பெயர் நிச்சயமாகத் தெரியாத எந்த இலையையும் சட்டியிலிடக் கூடாது.

எமது பூக்களுக்கும் இடமுண்டு

சுவாமிப் படத்துக்கு வைக்க ஒரு பூ வேண்டும் என்பதே பலரின் ஆசை. ஊர் மல்லிகை இங்கு குளிர்காலத்தை வெளியிற் தாங்காது; சட்டியில் வைத்து வீட்டுக்குள் எடுக்க வேண்டும். ஆனால் ஜாஸ்மினம் ஒபிசினேல் எனும் இனம் தென் இங்கிலாந்தில் வெயில்படும் சுவரோரத்திற் படர்ந்து கோடை முழுவதும் மணக்கும். செவ்வரத்தைக்குப் பதிலாக ஹிபிஸ்கஸ் சிரியாக்கஸ் உண்டு. குளிரைத் தாங்கி ஓகஸ்றிற் பூக்கும். மே மாதம் வரை இலை விடாது நிற்பதால், பட்டுவிட்டதென்று எண்ணிப் பலர் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மரநிழலிற் படர்ந்திருக்கும் நீலப்பூ வின்கா, எங்கள் பட்டிப்பூவின் குடும்பமே.

இந்நாட்டுத் தோட்டங்களைப் பார்த்துக் கற்க விரும்புவோருக்கு நல்ல வாய்ப்பொன்று இருக்கிறது. 1927 முதல் தேசிய தோட்டத் திட்டத்தின் கீழ், தனியார் தம் பூந்தோட்டங்களைத் தருமக் கைங்கரியத்துக்காகக் குறித்த நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். சிறு கட்டணம், பெரும்பாலும் தேநீரும் உண்டு. செடியின் பெயரைக் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். சிலர் ஒரு தடியும் வெட்டித் தருவார்கள்.

பிறர் நட்டதைப் பேணுதல்

1940, 1941ஆம் ஆண்டுகளில் குண்டுவீச்சில் இடிந்த இலண்டன் வீடுகளின் மீது முதலில் முளைத்தவற்றுள் ரோஸ்பே வில்லோஹேர்பும் பட்லியாவும் அடங்கும். இடிபாடுகளை ஊதாப் பூக்கள் மூடின. அக்காட்சியை விளங்கிக்கொள்ள எமக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களிற் சிலர், 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பிப் போனபோது, கூரையற்ற வீட்டுக்குள் மரம் வளர்ந்திருப்பதைத்தான் கண்டார்கள். கிணற்றைக் கண்டுபிடிக்கவே பற்றை வெட்ட வேண்டியிருந்தது. இன்னும் போக முடியாதிருப்போர் பலர்.

அங்கே எங்கள் தாய் நட்ட செவ்வரத்தையைப் பின்னால் வந்த எவரோ வெட்டாது விட்டிருந்தால் எமது மனம் எவ்வளவு நிறையும்! இங்கே பெயர் தெரியாத ஒருவர் நட்டுவிட்டுப் போன ரோசா எமது கையில் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிவதும் தளிர்க்க வைப்பதும் எம்மைப் பொறுத்தது.

வேலை பெரிதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாய் அளவு நிலம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டொன்றில் ஐம்பது பாயளவு நிலம் வெளித்துவிடும். இவ்வாரம் கத்தரிக்கோலும் கையுறையும் வாங்குங்கள். அடுத்த வாரம் பாதையைத் திறவுங்கள். பூக்கள் எங்கே இருக்கின்றன என்பதை மாதங்கள் ஒவ்வொன்றாக வந்து சொல்லும்.